ஒரு சோறு பதமாகுமா?

(இளங்கலை மூன்றாமாண்டு, புள்ளியியல்)

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். சோற்றைப் பொறுத்தவரை இது முற்றிலும் சரியான புள்ளியியல். ஒரே அரிசி, ஒரே உலை, ஒரே கொதி. பருக்கைக்குப் பருக்கை வேறுபாடு மிகச் சொற்பம். எனவே ஒன்றை எடுத்து நசுக்கிப் பார்த்தால் பானையின் செய்தி தெரிந்துவிடுகிறது. ஆனால் பருக்கைக்குப் பருக்கை வேகும் தன்மை மாறுகிற பானை ஒன்று இருந்தால்? அங்கே ஒரு சோறும் பதமாகாது, மூன்று சோறும் பதமாகாது. அத்தகைய பானை ஒன்றை, நம் பாடநூல்களில் இடம்பெறாத ஒரு துறையிலிருந்து எடுத்துக்காட்ட விரும்புகிறேன். குறிபார்த்துச் சுடும் போட்டிகளுக்காகத் தோட்டாவைத் தம் கையாலேயே தயாரித்துக்கொள்ளும் கலைதான் அது.

தேசிய மாணவர் படையில் சேர்ந்து 0.22 ரைபிளைத் தொட்ட நண்பர்களுக்குக்கூட இது புதிதாக இருக்கலாம். நாம் சுடுகிற அந்தச் சிறு தோட்டாவில் தீப்பற்றும் மருந்து கூட்டின் விளிம்புக்குள்ளேயே இருக்கிறது. துப்பாக்கியின் ஊசி அவ்விளிம்பை நசுக்கிவிடுவதால், சுட்டபின் காலிக் கூடு குப்பைதான். பெரிய ரைபிள்களின் தோட்டா வேறு வகை. அதன் அடிப்பாகத்தின் நடுவில் தனியாக ஒரு சிறு தொப்பி பொருத்தியிருக்கும். சுட்டபின் அத்தொப்பியைத் தட்டி எடுத்துவிட்டு, உப்பிப்போன பித்தளைக் கூட்டை அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புதுத் தொப்பி வைத்து, மருந்தை அளந்து போட்டு, வாயில் குண்டைப் பொருத்தினால் தோட்டா மறுபடியும் தயார். தொப்பியில் ஒரு வேடிக்கையும் உண்டு. எளிதில் தட்டி எடுக்கக்கூடிய அமைப்பைக் கண்டவர் பாக்ஸர் என்ற ஆங்கிலேயர். அதை விரும்பி ஏற்றது அமெரிக்கா. எடுப்பதற்குத் தொல்லையான அமைப்பைக் கண்டவர் பெர்டான் என்ற அமெரிக்கர்; அதை ஏற்றது ஐரோப்பா. தத்தம் ஊர்ச் சரக்கு இருவருக்குமே இனிக்கவில்லை போலும்.

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் இந்த வேலையை வீட்டு மேசையில் வைத்துச் செய்கிறார்கள். நம் நாட்டில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இன்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். ஆகவே இது செய்முறை விளக்கமன்று. தயாரித்த தோட்டா நல்லதா, இல்லையா என்று அவர்கள் தீர்மானிக்கும் முறையில்தான் எனக்கு அக்கறை.

அவர்கள் எடுத்துக்கொள்ளும் சிரத்தையைக் கண்டால் பொற்கொல்லருக்கே பொறாமை வரும். மருந்தைக் கிரெயின் என்ற எடையில் நிறுக்கிறார்கள். ஒரு பவுண்டில் 7,000 கிரெயின். அதிலும் பத்தில் ஒரு கிரெயின், அதாவது ஏறத்தாழ ஆறரை மில்லிகிராம், கூடினாலும் குறைந்தாலும் மனம் பொறுக்காதவர்கள் பலர். கூடுகளை எடைபோட்டுப் பிரிக்கிறார்கள். கூட்டின் கழுத்துத் தடிப்பை அளந்து கடைகிறார்கள். குண்டு எவ்வளவு ஆழம் அமரவேண்டும் என்பதை ஆயிரத்தில் ஓர் அங்குலக் கணக்கில் பார்க்கிறார்கள்.

இந்தச் சிரத்தை வீண் என்று நான் சொல்லவில்லை. மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த பிராங்க்ளின் மான் என்ற மருத்துவர், கோழித் தீவனத்துக்காக எலும்பை அரைக்கும் இயந்திரம் ஒன்றைச் செய்து விற்றுப் பொருள் சேர்த்து, அந்தப் பொருளையெல்லாம் குண்டு ஏன் நேரே போகமாட்டேன் என்கிறது என்ற ஒரே கேள்விக்குச் செலவழித்தவர். கான்கிரீட் மேடையில் துப்பாக்கிக் குழலை அசையாமல் பதித்து, வேண்டுமென்றே காயப்படுத்திய குண்டுகளைச் சுட்டுப் பார்த்தார். குண்டின் மூக்கு சிதைந்திருந்தால் பெரிய கேடில்லை. அடிவிளிம்பு சிதைந்திருந்தால் குண்டு வழிதவறிவிடுகிறது என்று கண்டார். மூக்குதானே காற்றைக் கிழிக்கிறது, அதுதானே முக்கியம் என்று நாமெல்லாம் நினைத்திருப்போம். குழலை விட்டு வெளியேறும் கணத்தில் பின்னாலிருந்து சீறும் வாயு, சிதைந்த அடியின் ஒரு பக்கத்தில் முந்திக்கொண்டு வெளியேறிக் குண்டைச் சாய்த்துவிடுகிறது. பல்லாண்டு உழைப்பை 1909இல் நூலாக வெளியிட்டார். சிரத்தை என்றால் இது சிரத்தை. ஆனால் மான் காரணத்தைத் தேடினார். அவர் வழிவந்தவர்கள் பலர் காரணத்தைத் தேடுவதில்லை, ராசியைத் தேடுகிறார்கள் என்பதே என் குற்றச்சாட்டு.

வழக்கமான சோதனை இப்படி நடக்கிறது. மருந்து உற்பத்தியாளர் அச்சிட்டுத் தரும் பாதுகாப்பான எல்லைக்குள் பத்து வெவ்வேறு அளவுகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் மூன்று தோட்டா தயாரிப்பார்கள். 100 கஜத்தில் ஒவ்வொரு மூன்றையும் ஒரு புள்ளியைக் குறிவைத்துச் சுட்டு, ஒன்றுக்கொன்று மிகத் தொலைவில் விழுந்த இரண்டு துளைகளின் இடைவெளியை அளப்பார்கள். இதைத்தான் குரூப் என்கிறோம். பத்தில் எது மிகச் சிறியதோ அதுவே என் துப்பாக்கிக்குப் பிடித்த அளவு என்று முடிவு கட்டி, அதையே நூறு தோட்டா செய்துகொண்டு போட்டிக்குப் போவார்கள்.

எங்கே பிழை? மிக நல்ல ரைபிளிலும் குண்டுகள் ஒரு புள்ளியைச் சுற்றிச் சிதறியே விழும். சிதறல் இயல்நிலைப் பரவலை ஒட்டியிருந்தால், மூன்று குண்டுக் குரூப்பின் சராசரி அகலம் திட்டவிலக்கத்தைப்போல் 2.4 மடங்கு, ஐந்து குண்டுக்கு 3.1 மடங்கு, பத்துக்கு 3.8 மடங்கு. ஆக, மூன்று குண்டில் சராசரியாக ஓர் அங்குலம் காட்டும் ரைபிள், அதே தோட்டாவோடு பத்துக் குண்டில் ஒன்றரை அங்குலத்துக்கும் சற்று மேலாகக் காட்டும். துப்பாக்கி கெட்டுவிடவில்லை, உண்மை கொஞ்சம் கூடுதலாக வெளியே வந்திருக்கிறது, அவ்வளவே. சராசரியே இப்படி என்றால் தனித்தனிக் குரூப்புகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். சராசரி ஓர் அங்குலமாக இருக்கையில், ஒருமுறை அரை அங்குலமும் அடுத்தமுறை ஒன்றரை அங்குலமும் வருவது முற்றிலும் இயற்கை.

எங்கள் துறைக் கணினியில் இதைச் செய்து பார்த்தேன். எல்லாத் தோட்டாவும் ஒன்றே என்று வைத்துக்கொண்டு, சமவாய்ப்பு எண்களால் மும்மூன்று துளைகளாகப் பத்துக் குரூப் போடச் சொன்னேன். மிகச் சிறியதற்கும் மிகப் பெரியதற்கும் மூன்று மடங்கு வேறுபாடு சாதாரணமாக வருகிறது. நம்பாதவர்கள் அரைமணி நேரம் செலவழித்துத் தாமே பார்க்கலாம். வேறுபாடே இல்லாத பத்துத் தோட்டாக்களில் கண்ணுக்குத் தெளிவாக ஒரு வெற்றியாளர் தெரிகிறார். அவருக்கு மாலை போட்டு அழைத்துவருகிறோம். மறுநாள் அதே அளவைச் சுட்டால் குரூப் இரண்டு மடங்காகிறது. உடனே வெயில், ஈரக்காற்று, தொப்பியின் புதுச் சரக்கு என்று பழி சுமத்த ஆள் தேடுகிறோம். உயரமான தந்தையரின் மக்கள் சராசரியாகத் தந்தையைவிடச் சற்றுக் குட்டையாய் இருப்பதைக் கால்டன் 1886இல் எழுதினார். அதே விதிதான் இங்கும் வேலை செய்கிறது. ஈரக்காற்றுக்கு இதில் பங்கில்லை.

இதைவிட மோசமான பழக்கம் ஒன்றுண்டு. நான்கு குண்டு ஒரே துளையில் விழுந்து ஐந்தாவது விலகினால், அது என் கை நடுங்கியதால் வந்தது என்று சொல்லி அந்த ஐந்தாவதைக் கணக்கிலிருந்து தள்ளிவிடுவது. நல்லவற்றைத் தோட்டாவின் பெயரிலும் கெட்டதைக் கையின் பெயரிலும் எழுதும் இந்தக் கணக்கு எந்த மளிகைக் கடையிலும் செல்லாது. கை நடுங்கியது என்று குண்டு விழுவதற்கு முன்பே சொல்லியிருந்தால் ஏற்கலாம்.

சிறு மாதிரிகளுக்கென்றே ஸ்டூடண்ட் 'டி' அட்டவணை இருக்கிறதே, பிறகென்ன கவலை என்று பேராசிரியர்கள் கேட்கக்கூடும். டப்ளின் நகரின் கின்னஸ் மதுவாலையில் வேலை பார்த்த காஸெட், ஸ்டூடண்ட் என்ற புனைபெயரில் 1908இல் அதை வெளியிட்டார் என்பதும், பார்லியைப் பற்றிய சிறு சோதனைகளே அவரை அதற்குத் தூண்டின என்பதும் நாம் அறிந்தவை. ஆனால் அந்த அட்டவணை சொல்வதென்ன? 95 விழுக்காடு நம்பிக்கைக்குப் பெரிய மாதிரியில் 1.96 என்ற எண் போதும். முப்பது அளவீட்டில் 2.045. பத்தில் 2.262. ஐந்தில் 2.776. மூன்றில் 4.303! மூன்று குண்டை வைத்துக்கொண்டு பேசுகிறவன் தன் பேச்சின் விளிம்பை இரண்டு மடங்குக்கு மேல் அகட்டிக்கொள்ள வேண்டும் என்கிறார் காஸெட். சிறு மாதிரியை அவர் பெரிதாக்கித் தரவில்லை. அது சிறிது என்பதை ஒப்புக்கொள்ள வைத்தார்.

எத்தனை சுட்டால் தெரியும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு தோட்டாவின் சிதறல் மற்றதைப்போல் இரு மடங்கு என்றால் பத்துப் பத்துக் குண்டிலேயே அது தெரிந்துவிடும். பத்து விழுக்காடுதான் வேறுபாடு என்றால், அதை நம்பிச் சொல்ல ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கான குண்டு வேண்டும். பத்தில் ஒரு கிரெயின் மருந்தால் என்ன வேறுபாடு வந்தது என்று மூன்று குண்டில் கண்டுபிடித்ததாகச் சொல்பவர்களை என்னென்பது!

இங்கே எதிர்த்தரப்பு வலுவான ஒரு வாதத்தை வைக்கிறது. அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. துப்பாக்கிக் குழல் அழியக்கூடிய பொருள். ஒவ்வொரு குண்டும் அதன் உட்புறத்தைக் கொஞ்சம் தின்றுவிடுகிறது. வேகமிக்க சில தோட்டாக்களுக்கு ஆயிரத்துச் சொச்சம் சுட்டவுடனேயே குழலின் துல்லியம் குறையத் தொடங்குகிறது. பத்து மருந்தளவு, குண்டின் ஆழம் மூன்று, தொப்பி இரண்டு, மருந்து வகை இரண்டு என்றால் 120 கூட்டுகள். மும்மூன்று சுட்டாலே 360 குண்டு. முப்பது முப்பதாகச் சுட்டால் 3,600. சோதனை முடியும்போது சோதித்த குழலே இருக்காது. பரீட்சைக்குப் படித்துப் படித்துக் கண் போன கதைதான்.

உண்மை. ஆனால் இதற்குத் தீர்வு 120 கூட்டையும் மும்மூன்றாகச் சுட்டு ஏமாறுவதன்று, 120 கேள்விகளைக் கேட்காமல் விடுவதுதான். பெரிய வேறுபாடு எதில் வரும் என்று முன்கூட்டியே யோசித்து, நல்ல குழல், நல்ல குண்டு, அதற்கேற்ற மருந்து என்று இரண்டு மூன்று கேள்விகளை மட்டும் கேட்டு, அவற்றுக்கு இருபது முப்பது குண்டு செலவழிக்கலாம். இரண்டாவதாக, சுட்ட குண்டுகளை வீணாக்காமல் இருக்கலாம். குரூப்பின் அகலம் என்பது எத்தனை சுட்டாலும் இரண்டே இரண்டு துளைகளைத்தான் பார்க்கிறது. மற்றவை சும்மா கிடக்கின்றன. ஒவ்வொரு துளையும் மையத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்து சராசரி எடுத்தால் எல்லாத் துளைகளும் சாட்சி சொல்லும். அமெரிக்க ராணுவத்தின் அபர்டீன் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய பிராங்க் கிரப்ஸ் என்ற புள்ளியியலாளர் 1964இலேயே ரைபிள்காரர்களுக்காகவும் ஏவுகணைப் பொறியாளர்களுக்காகவும் இம்முறைகளைத் தொகுத்து ஒரு சிறு நூல் எழுதிவிட்டார். ஏவுகணைக்காரர்கள் படித்திருப்பார்கள் என்று நம்புவோம்.

மற்றொரு வாதம் பௌதிக மாணவர்களுக்குச் சுவையானது. சுடும்போது குழல் வீணைத் தந்திபோல் அதிர்கிறது. அதிர்வின் ஒரு குறிப்பிட்ட கட்டத்தில் குண்டு வெளியேறினால் சிதறல் குறையும். அந்தக் கட்டத்துக்கான மருந்தளவையே தேடுகிறோம் என்பார்கள். இதில் உண்மை இல்லாமலில்லை. பழைய லீ என்ஃபீல்டு ரைபிளில் மெதுவான குண்டு வெளியேறும்போது குழலின் வாய் சற்று மேல்நோக்கியிருந்து, வேகக் குறைவை ஈடுசெய்தது. அதனால் அருகில் சுமாராகச் சுட்ட ரைபிள் 800 கஜத்துக்கு அப்பால் நன்றாகச் சுட்டது. ஆனால் ஒரு நிகழ்ச்சி பௌதிகப்படி நடக்கக்கூடும் என்பது வேறு. என் மூன்று துளைகளில் அது நடந்திருக்கிறது என்பது வேறு. முன்னதற்குச் சமன்பாடு போதும், பின்னதற்குக் குண்டு வேண்டும்.

வேகம் என்றதும் ஒரு செய்தியைச் சொல்லாமல் போக மனமில்லை. குண்டின் வேகத்தை முதன்முதலில் ஒழுங்காக அளந்தவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர். கனமான ஊசலில் குண்டைச் சுட்டு, ஊசல் எவ்வளவு தூரம் ஆடுகிறது என்பதிலிருந்து வேகத்தைக் கணக்கிட்ட அவர் நூல் 1742இல் வெளிவந்தது. மாமேதை ஆய்லரே அதை ஜெர்மன் மொழியில் பெயர்த்து உரை எழுதினார். கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராக வந்த அந்த ராபின்ஸ் 1751இல் இறந்த இடம் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டை. அக்கடற்கரையில் உலாவுகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? காற்றின் தடை அற்பம் என்று வாதிட்டவர்களிடம் அவர் வாய்ச்சண்டை போடவில்லை. ஊசலைத் தொங்கவிட்டார்.

குண்டு போட்டு முடிவு காண்பது எவ்வளவு வழுக்கலானது என்பதற்கு 1874ஆம் ஆண்டு நியூயார்க்கை அடுத்த கிரீட்மூரில் நடந்த போட்டி நல்ல சான்று. அயர்லாந்துக் குழு வாய்வழியாகக் கெட்டிக்கும் ரைபிள்களைக் கொண்டுவந்தது. அமெரிக்கக் குழுவிடம் பின்புறம் திறந்து தோட்டா போடும் ரெமிங்டன், ஷார்ப்ஸ் ரைபிள்கள். ஒரு பக்கத்துக்கு ஆறு பேர், 800, 900, 1,000 கஜங்களில் ஆளுக்குப் பதினைந்து பதினைந்து குண்டு. ஆக ஒரு குழுவுக்கு 270 குண்டு; முழு மதிப்பெண் 1,080. அமெரிக்கா 934, அயர்லாந்து 931. பின்புறத் துப்பாக்கியே சிறந்தது என்று பத்திரிகைகள் முழங்கின. ஆனால் அயர்லாந்துக்காரர் மில்னர் சுட்ட ஒரு குண்டு நடுப்புள்ளியில் தைத்தது, அடுத்தவர் இலக்கின் நடுப்புள்ளியில்! விதிப்படி அதற்குச் சுழி. தம் இலக்கில் தைத்திருந்தால் நான்கு மதிப்பெண். அயர்லாந்து 935க்கு 934 என்று வென்றிருக்கும், வாய்வழித் துப்பாக்கியே சிறந்தது என்று அதே பத்திரிகைகள் எழுதியிருக்கும். பின்புறத் துப்பாக்கி சிறந்தது என்ற முடிவு பிற்காலத்தில் உண்மையானது வேறு சங்கதி. அன்று அதை நிரூபித்தது துப்பாக்கியன்று, மில்னரின் கண். 270 குண்டு சுட்ட இடத்திலேயே இந்தக் கதி என்றால், மூன்று குண்டுக்காரர் எந்த மூலை!

மிகச் சிறிய குரூப் சுடுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் இதை எப்போதோ புரிந்துகொண்டுவிட்டார்கள். அமெரிக்காவில் ரைபிளை மேசையில் தாங்கி வைத்துச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட் போட்டிகளில், ஐந்து குண்டுக் குரூப் ஐந்து சுட்டு, ஐந்தின் சராசரியை எடுத்தே வெற்றியைத் தீர்மானிக்கிறார்கள். ஒரு குரூப் உலக அதிசயமாக அமைந்தாலும் மற்ற நான்கும் சேர்ந்தே பரிசு. இன்னொன்று கேளுங்கள். 1975இல் பால்மிசானோ, பிண்டெல் என்ற இருவர் உருவாக்கிய 6 பி.பி.சி. தோட்டாவோடு குட்டிக் குட்டிக் குரூப்பாகச் சுட்டுத் தள்ளும் அவர்களில் பலர், மருந்தை நிறுப்பதே இல்லை. கைப்பிடியைத் திருப்பினால் ஒரே கன அளவு கொட்டும் கருவியால் களத்திலேயே அளந்து போட்டுக்கொள்கிறார்கள். 100, 200 கஜத்தில் அச்சிறு வேறுபாடு துளையில் தெரிவதில்லை என்று சுட்டுச் சுட்டே கண்டுகொண்டார்கள். 1,000 கஜத்தில் சுடுகிறவருக்குத்தான் வேகத்தின் சிறு ஏற்ற இறக்கமும் சில அங்குல உயர வித்தியாசமாகப் பல்லிளிக்கும், அவர் நிறுக்கட்டும்.

இங்கிலாந்தில் இதையும் தாண்டிச் சென்றார்கள். 1860இல் விம்பிள்டனில் விக்டோரியா அரசியார் தொடங்கிவைத்து, 1890இல் பிஸ்லிக்கு இடம்மாறிய தேசிய ரைபிள் போட்டிகளில், பெரும் பரிசுக்குச் சுடுகிற அனைவருக்கும் நெடுங்காலமாகச் சங்கமே ஒரே தோட்டாவைக் கொடுத்துவந்தது. காற்றைப் படிப்பதில் கெட்டிக்காரர் யார் என்பதே அங்கே கேள்வி. அந்த முதல் நாளில், தாங்கியில் பொருத்திய விட்வொர்த் ரைபிளின் பட்டுக்கயிற்றை அரசியார் இழுக்க, 400 கஜத்துக்கு அப்பால் நடுப்புள்ளிக்கு இரண்டங்குலத்துக்குள் குண்டு தைத்ததாம். நல்லவேளை, இரண்டாவது குண்டு சுடச் சொல்லி யாரும் அரசியாரைக் கேட்கவில்லை.

தோட்டா நமக்கு எட்டாத பொருள். ஆனால் குரூப் எட்டாததன்று. துப்பாக்கி சுடும் முகாமுக்கு ஆள் எடுக்கையில், பல கல்லூரிகளில் ஒரு காலைப்பொழுதில் ஐந்தே குண்டு கொடுத்து, ஒரு குரூப்பை அளந்து, இவன் தேறினான், இவன் தேறவில்லை என்று முடித்துவிடுகிறார்கள். குண்டுக்குத் தட்டுப்பாடு, அதிகாரிகளைக் குறைசொல்ல முடியாது. ஆனால் ஆண்டு முழுவதும் நடக்கும் பயிற்சிகளில் சுட்ட தாள்கள் எங்கே போகின்றன? அளந்து முடித்தவுடன் கசக்கி எறிகிறோம். ஒவ்வொரு மாணவனின் தாள்களையும் தேதியிட்டு ஒரு கோப்பில் வைத்து, துளைகள் மையத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி எடுத்தால், ஒரு குண்டும் கூடுதலாகச் செலவழிக்காமல் ஆளுக்கு இருபது முப்பது குண்டின் சாட்சி கிடைக்கும். நம் கல்லூரியில் இவ்வாண்டே தொடங்கலாம். அளக்கும் வேலைக்குப் புள்ளியியல் துறையிலிருந்து நான்கு பேர் வருகிறோம். ஓர் அடிக்கோலும் ஒரு நோட்டும் போதும்.